மறுமொழி: டிஆர்எம் நூலும் அதைத் திறக்கும் மென்பொருளும் – சொல் வேண்டும்

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

ஒரு வாரமாக ஓடும் இழை இது. சொற்கள் குவிந்துவிட்டன, பொருள்தான் இன்னும் பிடிபடவில்லை என்று தோன்றுகிறது. எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். டிஆர்எம் என்பது ‘டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட்’ என்பதன் சுருக்கம்; மின்னூலை இசைவு பெற்றவர் மட்டுமே திறக்கும்படி அதில் இடும் கட்டுப்பாடு.

> ‘எண்ணிம உரிமை மேலாண்மை’ ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது. ஆனால் அதை வாயால் சொல்லிப் பாருங்கள். “இந்த நூலில் எண்ணிம உரிமை மேலாண்மை இருக்கிறது, அதனால் திறக்கவில்லை” என்று யாரேனும் சொல்வார்களா? பெயர்ச்சொற்கள் மூன்று வரிசையில் நிற்கின்றன, வினை ஒன்றும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, ‘உரிமை’ யாருடையது என்று அச்சொல் சொல்லாமல் விடுவது. படிப்பவர் தன் உரிமை என்று நினைத்துக்கொள்வார். அங்கே மேலாண்மை செய்யப்படுவது பதிப்பகத்தின் உரிமை. ஆங்கிலத்திலேயே இந்தப் பெயருக்குச் சண்டை உண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனும் அவருடைய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் நடுவில் உள்ள ஆர் என்ற எழுத்துக்கு ‘உரிமைகள்’ என்று விரிவு சொல்ல மறுத்து, ‘கட்டுப்பாடுகள்’ என்றே எழுதிவருகிறார்கள். பிறந்த வீட்டிலேயே வழக்கில் இருக்கும் பெயரை நாம் எதற்குச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டும்?

> ‘படியெடுப்புத் தடை’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான், ஆனால் பொய். இந்த இழையில் எனக்கு மிகவும் நெருடிய பரிந்துரை இதுதான், கோபித்துக்கொள்ள வேண்டாம். டிஆர்எம் இட்ட இபப் (மின்னூல்களுக்கான ஒரு கோப்பு வடிவம்) கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்து முறை படியெடுக்கலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். இபப் என்பது உள்ளபடி பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொதிதான்; பிரித்துப் பார்த்தால் அத்தியாயக் கோப்புகளின் பெயர்கள்கூடத் தெரியும். எந்தெந்தக் கோப்பு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலும் அதற்குள்ளேயே தனிக் கோப்பாக இருக்கும். அத்தியாயத்தைத் திறந்தால் மட்டும் பொருளற்ற குறிகள் கொட்டும். ஆக, படியெடுப்பதற்குத் தடையே இல்லை. எடுத்த படி, சாவி இல்லாத இடத்தில் ஊமையாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பதுதான் சொல்லாக்கத்துக்கு உதவும் கேள்வி. இத்தகைய நூல்களைத் திறக்கும் மென்பொருளான அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸை முதன்முறை நிறுவியதும் கணினியை அங்கீகரிக்கச் சொல்லும். கணக்கு ஒன்றைக் கொடுத்தால், வாங்கும் நூல் அந்தக் கணக்கோடு இணையும். அதே கணக்கில் அங்கீகரித்த மற்றக் கருவிகளிலும் திறக்கும், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. கணக்கு இல்லாமலும் அங்கீகரிக்கலாம். அப்போது நூல் அந்த ஒரு கணினியோடு கட்டுண்டுவிடும். (அந்த இரண்டாவது வழியைச் சோம்பலால் தேர்ந்தெடுத்தவன் நான். கணினி பழுதானதும் நான்கு நூல்கள் அதோடு போயின. கடைக்காரரிடம் கேட்டதற்கு “நூல் உங்களிடம்தானே இருக்கிறது” என்றார். இருந்தது, உண்மைதான்.)

இங்கேதான் ‘பூட்டு’ என்ற நம் சொல்லின் அருமை தெரிகிறது. பூட்டு என்றால் கதவில் தொங்குவது மட்டும் அன்று. ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், தேரில் குதிரையைப் பூட்டுகிறோம், வில்லில் நாணைப் பூட்டுகிறோம், கையில் விலங்கைப் பூட்டுகிறோம். ஒன்றை மூடுவதற்கும் ஒன்றை இன்னொன்றோடு பிணைப்பதற்கும் ஒரே வினை. டிஆர்எம் செய்வது இந்த இரண்டையும்தான்: எழுத்தை மூடுகிறது, நூலை ஒரு கணக்கோடோ கருவியோடோ பிணைக்கிறது. ஆங்கிலப் பெயரில் இந்தப் பிணைப்பு இல்லவே இல்லை. தாழ் என்று ஒருவர் எழுதியிருந்தார்; குறளிலேயே உள்ள நல்ல சொல், ஆனால் தாழ் அடைக்கும், பிணைக்காது.

எனவே என் பரிந்துரை ‘உரிமப்பூட்டு’. உரிமைப்பூட்டு அன்று, உரிமம். வாங்குபவருக்குக் கிடைப்பது உடைமை இல்லை, நிபந்தனையுடன் படிக்க ஓர் இசைவுதான் என்பதை அந்த மகரம் சொல்லிவிடுகிறது. 2009 ஜூலையில் அமேசான், விற்பவருக்கே உரிமை இல்லாத ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2019 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் பணம் திரும்ப வந்தது, நூல்கள் அந்த ஜூலையோடு திறக்காமல் போயின. பணம் திரும்புவது நல்ல செய்தி. ஆனால் உடைமையாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது. பூட்டிய நூலுக்குப் ‘பூட்டுநூல்’ என்று வைக்கலாம். பூட்டை உடைய நூல் என்று விரிப்பதில் இலக்கணச் சிக்கல் இல்லை.

அடுத்து ஒரு சின்னச் சொல், ஆனால் இதற்குத்தான் தேவை அதிகம். நூலை வாங்கியதும் ஏசிஎஸ்எம் என்று முடியும் ஒரு கோப்பு இறங்குகிறது. சில கிலோபைட்தான் இருக்கும். பலர் அதையே நூல் என்று நினைத்துக் கைப்பேசிக்கு மாற்றி, திறக்கவில்லையே என்று திண்டாடுகிறார்கள். அதில் நூலின் ஒரு வரிகூட இல்லை. ‘இன்ன நூலை இன்ன இடத்தில் பெற்றுக்கொள்க’ என்று மென்பொருளுக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. மென்பொருள் அதைக் காட்டி, சர்வரிலிருந்து உண்மையான இபப் அல்லது பிடிஎஃப் கோப்பை வாங்கிவருகிறது. இதைப் ‘பெறுசீட்டு’ என்று அழைத்தால் குழப்பத்தில் பாதி தீரும். சீட்டைப் படிக்க முடியாது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை அல்லவா?

இனி மென்பொருளின் பெயர். ‘செயலி’ வேண்டாம், அந்த ஒரு சொல்லைக் கணினியின் உள்ளுறுப்புக்கும் கைப்பேசி மென்பொருளுக்கும் மாறி மாறிக் கொடுத்து நாம் படும் பாடு போதும். நான் முதலில் ‘வாசிப்பான்’ என்று வாதாடினேன். அழிப்பான், துடைப்பான் போல ஆன் விகுதி கருவிக்கு இயல்பாக அமையும் என்று நீளமாக எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். அதைத் திரும்பப் பெறுகிறேன். திரைவாசிப்பான் துணையோடு படிக்கும் நம் குழு நண்பர் நேற்று எழுதிய ஒரு வரிதான் காரணம்:

> என் வாசிப்பானை உங்கள் வாசிப்பான் உள்ளே விடமாட்டேன் என்கிறது.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அவருடைய குறையைச் சொல்லக்கூட மொழி இருக்காது. எழுத்தைக் குரலாக்கும் கருவி உண்மையாகவே வாசிக்கிறது. அந்தப் பெயர் அதற்கே இருக்கட்டும். பூட்டுநூலுக்கான மென்பொருளின் முதல் வேலை வாசிப்பது அன்று, சாவியைக் கொண்டு திறப்பது. துற என்பதிலிருந்து துறவி, பிற என்பதிலிருந்து பிறவி. திற என்பதிலிருந்து ‘திறவி’ வரட்டும். உலாவி எப்படி ஊன்றியதோ அப்படி இதுவும் ஊன்றும் என்று நம்புகிறேன். அடோபியின் மென்பொருள் ஒரு திறவி. எல்சிபி என்ற இன்னொரு வகைப் பூட்டுக்குக் கடவுத்தொடர் கேட்டுத் திறக்கும் தோரியம் ரீடர் என்ற மென்பொருளும் ஒரு திறவி. பூட்டில்லாத இபப்பை மட்டும் காட்டும் எளிய மென்பொருளை ‘நூல்காட்டி’ என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

வாங்கியவர் பெயரைப் பக்கங்களில் பதித்துத் தரும் முறைக்குச் ‘சமூகப் பூட்டு’ என்று எழுதியிருந்தவருக்கு ஒரு வேண்டுகோள்: அதில் சமூகமும் இல்லை, பூட்டும் இல்லை. பெயர்ப்பதிவு என்றால் போதும்.

அன்புடன்.

———

ஐயா,

பதிப்பகம் நடத்துபவன் என்ற முறையில் ஒரு மனக்குறை. பூட்டு, பிணைப்பு, விலங்கு என்று அடுக்கினால் நாங்கள் எல்லாரும் சிறைக் காவலர்கள்போல் தெரிகிறோம். உழைத்து வெளியிட்ட நூல் மறுநாளே இலவசமாகச் சுற்றுவதைப் பார்த்தவர்களின் வலியும் சொல்லில் இருக்க வேண்டாமா? ‘நூற்காப்பு’ என்று வைக்கலாமே.

———

ஐயா, வணக்கம்.

உங்கள் வலி புரிகிறது. ஆனால் காப்பு என்ற சொல் உங்களைக் காப்பாற்றாது. ‘கையில் காப்பு மாட்டினார்கள்’ என்றால் நாளிதழ் வாசகருக்கு எது தோன்றும்? பூட்டே மேல். தன் வீட்டைப் பூட்டுபவரை யாரும் காவலர் என்று ஏசுவதில்லை.

நீங்கள் எழுதியதால் இன்னொரு சொல்லையும் எடுக்கிறேன். பூட்டை விலக்கிப் படிப்பதற்கு ‘பூட்டுடைப்பு’ என்று இருவர் எழுதியிருந்தார்கள். அது பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அடோபி மின்னூல்களின் பூட்டை நீக்கும் நிரல் தொடர்பாக ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்லியாரோவ் 2001 ஜூலையில் லாஸ் வேகஸில் கைது செய்யப்பட்டார். கடைசியில் வழக்கு அவர் வேலை பார்த்த நிறுவனமான எல்காம்சாஃப்ட் மீது நடந்து, 2002 டிசம்பரில் நடுவர் குழு குற்றமில்லை என்றது. பார்வையற்றோருக்கான நூல்கள் குறித்த 2013ஆம் ஆண்டு மராகேஷ் ஒப்பந்தமும், பூட்டை மீறுவதற்கு எதிரான சட்டம் அவர்களுடைய படிப்புக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று 7ஆம் பிரிவில் சொல்கிறது. சில இடங்களில் குற்றம், சில இடங்களில் அனுமதி என்று இருக்கும் செயலுக்கு உடைப்பு என்று பெயரிடக் கூடாது. ஏரில் பூட்டியதை அவிழ்க்கிறோம், உடைப்பதில்லை. ‘பூட்டவிழ்ப்பு’ என்று வைத்துவிட்டு, அது சரியா தவறா என்பதைச் சட்டத்துக்கு விட்டுவிடுவோமே.

———

நண்பர்களே,

திரைவாசிப்பான் பற்றி எழுதியவன் நான். புதுச் சொற்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். திறவி, பெறுசீட்டு இரண்டும் தெளிவாக ஒலிக்கின்றன. ‘உரிமப் பூட்டு’ என்று சிலர் இடைவெளி விட்டு எழுதுகிறீர்கள். அப்போது குரல் ‘உரிமப்’ என்று சொல்லி நின்று, ஏதோ விட்டுப்போனதுபோல் தொடர்கிறது. பட்டியலில் சேர்க்கும்போது ஒட்டியே எழுதுங்கள். பூட்டவிழ்ப்பையும் அப்படியே.