தீம் பார்க்கில் ஃபாஸ்ட் டிராக் எடுத்தவர்களும் பக்கத்து லைனில் நின்றவர்களும் அனுபவத்தைச் சொல்லுங்க

திருப்பூரிலிருந்து:

நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். போன வருஷம் தீபாவளி முடிந்து ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகு, முதலாளி ஆளுகளை எல்லாம் ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்தப் பார்க் என்று சொல்லவில்லை, விடுங்க. இரண்டு பஸ், பிள்ளைகளோடு சேர்த்து 86 பேர். அதில் 11 பேருக்கு மட்டும் ஃபாஸ்ட் டிராக், அதாவது தனி லைனில் சீக்கிரம் ஏறுகிற டிக்கெட்: முதலாளி வீட்டார் நாலு பேர், ஆபீஸில் நாங்கள் ஏழு பேர். மற்ற 75 பேருக்கும் சாதாரண டிக்கெட். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பதால் எல்லாருக்கும் எடுப்பது கஷ்டம்தான், அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பஸ், காலை டிபன், மதியச் சாப்பாடு எல்லாமே அவர் செலவு.

வாசலிலேயே மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்டார்கள். எங்களுக்கு ஆரஞ்சு, அவர்களுக்கு நீலம். பார்க்கக் காகிதம் மாதிரி இருக்கும், ஆனால் கிழியாது, கத்தரியால் வெட்டினால்தான் உண்டு. பேக்கிங் தம்பி ஒருவன் அதை இழுத்து, தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து "நான்வோவன் மாதிரி இருக்குங்ணா, என்ன ஜிஎஸ்எம் வரும்?" என்று நெய்யாத துணிக்குக் கேட்கிற மாதிரி எடைக் கணக்குக் கேட்டான். எங்கள் ஊர்க்காரனை எங்கே கொண்டுபோய் விட்டாலும் முதலில் துணியைத்தான் தொட்டுப் பார்ப்பான்.

பெரிய ரோலர் கோஸ்டருக்குத்தான் கூட்டம். சாதாரண லைன் கம்பிக்குள் வளைந்து வளைந்து போய் வெளியே வேப்பமரம் வரைக்கும் நின்றது. எங்கள் லைன் அதை ஒட்டியே, நடுவில் ஒரு கம்பிதான். நான் நடந்து போகப் போக எங்கள் ஆளுக வரிசையாக நிற்கிறார்கள், ஓவர்லாக் மெஷினில் தைக்கிற ஆளுக, அயர்ன் மாஸ்டர், அப்புறம் செக்கிங் டேபிள் அக்கா, பத்தாவது படிக்கும் மகளோடு. அக்காதான் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து "நீங்க போங்க தம்பி, நாங்க மெதுவா வர்றோம்" என்றார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுப் பட்டையை மறைக்கத் தோன்றியது. கல்யாண வீட்டில் ஒறம்பரையோடு, அதாவது வந்த விருந்தாளிகளோடு, முதல் பந்தியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர்கள் சொந்தக்காரர்களாக இருந்தால் சோறு எப்படி இறங்குமோ அப்படி இருந்தது.

நாங்கள் பத்து நிமிஷத்தில் ஏறி இறங்கிவிட்டோம், மறுபடியும் ஒரு தடவை போனோம், இறங்கி ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அக்கா இன்னும் பாதி லைனில். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் நின்றிருக்கிறார். மதியம் சாப்பாட்டில் என் எதிரே உட்கார்ந்து அவர் சொன்னதுதான் எனக்கு இன்று வரைக்கும் மறக்கவில்லை. "ஏனுங் தம்பி, ஒரு வண்டிக்கு இருவது பேரு. ரெண்டு லைனும் சேர்ற எடத்துல சங்கிலிய புடிச்சுட்டு ஒரு பையன் நிக்கறானில்ல, அவன் உங்க பக்கம் பதினாலு விடறான், எங்க பக்கம் ஆறு. எட்டு வண்டி எண்ணிப் பாத்துட்டேன், ஒருவாட்டி மட்டும் எட்டு விட்டான்." ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் அந்தக் கை வழியாகப் போகிறது, அவர் கணக்குத் தப்பவே தப்பாது.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் தொழிலில் சரக்கு லேட்டானால் கப்பலை விட்டுவிட்டு ஏர்ல போடுவோம், காசு நம்முடையது, வலியும் நம்முடையது, அதனால் இன்னொருத்தன் கன்டெய்னர் தூத்துக்குடியில் ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக நிற்காது. ஃபாஸ்ட் டிராக்கையும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதிகக் காசுக்கு அதிக வேகம், அவ்வளவுதான் என்று. ஆனால் வண்டி ஒன்றுதான், சீட்டு இருபதுதான். எனக்குக் குறைந்த நேரம் அக்கா தலையில் போய் ஏறியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலாளியின் சின்னப் பையன் ஆரஞ்சுப் பட்டையோடு போய் 140 செ.மீ. அளவுகோலுக்குக் கீழே நின்றான், நாலு விரல் குறைந்தது, அழுதுகொண்டே திரும்பினான். அந்தப் பட்டைக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். வாங்கும்போது பிள்ளைகளின் உயரத்தை யாரும் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. மதியத்துக்கு மேல் எல்லாரும் அலைக்குளத்தில் இறங்கினோம், அங்கே லைனே கிடையாது, எந்தக் கலர் பட்டை என்று எவரும் பார்க்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்க, எந்த ஊர்ப் பார்க்காக இருந்தாலும் சரி.

பொள்ளாச்சியிலிருந்து:

எங்களுடையது நாங்களே செய்துகொண்ட கூத்து. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் இருக்கிறதே என்று மாமா, அத்தை, இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர் என்று ஆறு பேர் கிளம்பினோம். சென்டோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு ஆறு பேருக்கும் எக்ஸ்பிரஸ் முன்கூட்டியே எடுத்தாயிற்று. அதில் இரண்டு வகை, ஒவ்வொரு ரைடுக்கும் ஒரே தடவை முன்னால் போகலாம் என்பது ஒன்று, எத்தனை தடவை வேண்டுமானாலும் என்பது இன்னொன்று. விலை நாளைப் பொறுத்து மாறும். நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து தூறல், பாதி ரைடுகளில் சாதாரண லைனிலேயே ஆளில்லை. எக்ஸ்பிரஸ் என்று எழுதிய வழியில் நாங்கள் பெருமையாக நடக்க, அந்தப் பக்க லைனில் வந்த குடும்பமும் எங்களோடு அதே வண்டியில் ஏறியது. அத்தை எதிலும் ஏறவே இல்லை, "எனக்குத் தல சுத்தும் கண்ணு, நா பையப் பாத்துக்கறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு எக்ஸ்பிரஸ் டிக்கெட் பை காத்தது!

அங்கே தனி ஆள் லைன் என்று ஒன்று சில ரைடுகளுக்கு உண்டு. வண்டியில் ஒற்றைச் சீட்டு காலியானால் அதில் ஏற்றிவிடுவார்கள், கூடுதல் காசு கிடையாது. வீட்டுக்காரரும் பெரியவனும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடில் அப்படித்தான் இரண்டாவது தடவை போனார்கள், வேறு வேறு வண்டியில். எக்ஸ்பிரஸ் உள்ளேயும் விற்கிறார்கள், கூட்டமான நாளில் தீர்ந்துவிடும் என்பது வாஸ்தவம்தான், ஆனாலும் என்னைக் கேட்டால் போய் லைனைக் கண்ணால் பார்த்துவிட்டு எடுப்பதுதான் புத்தி.

கோபியிலிருந்து:

திருப்பதி 300 ரூபாய் டிக்கெட்டை ஆன்லைனில் விடுகிற நிமிஷத்துக்குக் காத்திருந்து எடுக்கிறவர் என் மாமியார். பார்க்கில் ஃபாஸ்ட் டிராக் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "அங்க சாமி, இங்க ராட்டினம். ராட்டனத்துக்கு என்ன அவசரம்?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நாற்பது நிமிஷம் நின்றோம்.

மேட்டுப்பாளையம் பக்கமிருந்து:

திருப்பூர்க்காரரே, அந்தச் சங்கிலிப் பையன் வேலையை நானும் ஒரு பார்க்கில் இரண்டு சீசன் பார்த்திருக்கிறேன், நீங்கள் போன பார்க் இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் அக்காவை அங்கே சூப்பர்வைசராகப் போட்டிருக்கலாம்.

அவர் சொன்ன எண்களையே வைத்துப் போட்டுப் பார்த்தேன். வண்டிக்கு 20 பேர், ஏற்றி, பெல்ட் பார்த்து, ஓட்டி, இறக்க நாலு நிமிஷம் என்று வையுங்கள், மணிக்கு 15 வண்டி, 300 பேர். ஒரே லைன் என்றால் முன்னால் 110 பேர் நின்றாலும் 22 நிமிஷத்தில் ஏறிவிடலாம். ஃபாஸ்ட் லைனில் ஆள் வந்துகொண்டே இருந்து 14க்கு 6 என்று விட்டால், சாதாரண லைனுக்கு மணிக்கு 90 சீட்டுதான். அதே 110 பேர் ஏற 73 நிமிஷம். ஒன்றேகால் மணி சரியாகிவிட்டதா? ஃபாஸ்ட் டிராக்கை எத்தனை பேருக்கு விற்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் பேருக்கு விற்றால் பக்கத்து லைனுக்குத் தெரியவே தெரியாது, லீவு நாளில் அளவில்லாமல் விற்றால் ஃபாஸ்ட் லைனும் நிற்கும், மற்றது நகராது.

எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான், ஃபாஸ்ட் லைன் படிக்கட்டைத் தாண்டி வெளியே தெரியக்கூடாது. எத்தனைக்கு எத்தனை என்று எழுதிக் கொடுத்ததெல்லாம் கிடையாது, சங்கிலி பிடிக்கிறவன் கைக்கணக்கு. காற்று பலமாக அடித்தோ மின்னல் வந்தோ அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினால் இரண்டு லைனும் வீங்கிவிடும், மறுபடி ஓட்டும்போது முதலில் காலியாவது எது என்று சொல்லவேண்டியதில்லை. அந்த நேரத்தில் சாதாரண லைனில் நிற்பவர்கள் திட்டுவது பார்க்கை அல்ல, சங்கிலி பிடிக்கிறவனை. எட்டு மணி நேரம் வெயிலில் நின்று, கேட்காத பேச்சில்லை.

அப்புறம் மூணாவதாக ஒரு லைன் இருக்கிறது, அதற்குப் பட்டையே கிடையாது. ஆபீஸிலிருந்து போன் வரும், "அஞ்சு பேர் வர்றாங்க, இறங்கற வழியா ஏத்தி விடு". வெள்ளை வேட்டி சட்டையில் ஒருத்தர் முன்னால் வருவார். காசு கொடுத்து ஃபாஸ்ட் லைனில் நிற்பவர்களும் அப்போது நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஒரு தடவை அப்படி வந்த பெரியவர் ஒருவர் மட்டும், "இத்தன பேரு நிக்கறாங்களே கண்ணு" என்று ஏறாமலே திரும்பிப் போய்விட்டார், கூட வந்தவர்கள் ஏறினார்கள்.

சோமனூரிலிருந்து:

மகள் ஃப்ளோரிடாவில் இருக்கிறாள், பேரனோடு நாங்களும் ஆர்லாண்டோ டிஸ்னிக்குப் போய்வந்தோம். 1999இல் அவர்கள் ஃபாஸ்ட்பாஸ் என்று ஆரம்பித்தபோது அது எல்லாருக்கும் இலவசமாம், சீட்டு எடுத்துக்கொண்டு சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தால் போதும். 2021இல் அதைக் காசாக்கிவிட்டார்கள், ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். இப்போது லைட்னிங் லேன் என்று பெயர், அதிலும் பல தட்டுகள், மேல்தட்டான பிரீமியர் பாஸ் 2024 அக்டோபரில் வந்தபோது ஒரு நாளைக்கு ஆளுக்கு 129லிருந்து 449 டாலர் வரைக்கும். மருமகன் அந்த வம்புக்குப் போகவில்லை, நடுத்தட்டுதான் எடுத்தார். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்னதாகவும் மற்றவர்கள் 3 நாள் முன்னதாகவும் நேரம் பிடிக்கலாம், காலை 7 மணிக்குத் திறக்கும். மகளும் மருமகனும் ஆளுக்கொரு போனோடு ஆறே முக்காலுக்கே உட்கார்ந்ததைப் பார்த்தபோது நம்மூர் தத்கல் ஞாபகம்தான் வந்தது. அதே ஊரில் இருக்கும் யுனிவர்சலில் வேறு கணக்கு, அவர்களுடைய விலை கூடிய மூன்று ஹோட்டல்களில் ரூம் போட்டால் பழைய இரண்டு பார்க்குக்கும் எக்ஸ்பிரஸ் ரூமோடு சேர்ந்தே வந்துவிடும்.

வீட்டுக்காரம்மாவுக்கு மூட்டுவலி, சக்கர நாற்காலி எடுத்தோம். நாற்காலி என்றால் முன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை, பெரும்பாலான லைன்களையே நாற்காலி போகிற அகலத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள், எல்லாரோடும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போனோம். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

மறுபடியும் திருப்பூரிலிருந்து:

மேட்டுப்பாளையத்துக்காரர் போட்ட 300, 90 கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதி முதலாளியிடம் காட்டினேன், இந்த வருஷ டூருக்கு அவர் லிஸ்ட் கேட்டிருந்த நேரம். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, எல்லாத்துக்கும் எடுத்தா எவ்வளவு, ஒருத்தருக்கும் எடுக்கலீன்னா எவ்வளவு, ரெண்டுக்கும் கொட்டேஷன் வாங்கு" என்றார். செக்கிங் அக்காவிடம் கேட்டேன். வார நாளில் போனால் எந்தப் பட்டையும் வேண்டாம், புதன்கிழமை வையுங்கள் என்கிறார். புதன்கிழமை லீவு விட்டால் ஞாயிற்றுக்கிழமை கம்பெனியை ஓட்ட வேண்டும், அதற்கு ஓவர்லாக் ஆளுக இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.