மறுமொழி: ‘தேகூவ்ராபிலிதே’ – தமிழில் என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
கலைச்சொல் மடற்குழு அன்பர்களே, கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் பண்பாட்டுக் கொள்கை பற்றிய கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். ‘தேகூவ்ராபிலிதே’ என்ற பிரெஞ்சுச் சொல்லில் முட்டி நிற்கிறேன். கனடாவின் பிரெஞ்சு வணிக வானொலிகள் ஒலிபரப்பும் வெகுசனப் பாடல்களில் 65 விழுக்காடு பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்பது விதி. இசைச் செயலிகளில் அந்த விதி செல்லாது. அங்கே பிரெஞ்சுப் பாடல் கிடங்கில் இருக்கும், பரிந்துரைப் பட்டியலில் ஏறாது; இந்தச் சிக்கலைப் பேசவே இச்சொல் வருகிறது. பிரான்சும் கியூபெக்கும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு படைப்பு இணையத்தில் கிடைப்பதோடு, குறிப்பாக அதைத் தேடாதவருக்கும் எதிர்ப்படக்கூடியதாக இருப்பதையும் சேர்த்தே இச்சொல்லால் குறிக்கிறது. ‘கண்டறிதிறன்’ போதுமா?

இலக்கண ஆசிரியர்:
போதாது. கண்டறிவது தேடுபவர் செயல், திறனும் அவருடையதாகிவிடும். முந்தைய மடலில் வந்த ‘கண்படுமை’யும் ஆகாது: கண்படுதல் சங்கப் பாடல்களில் உறங்குதல், ஊர்வழக்கில் கண்ணேறு. தேடாமலே எதிர்ப்படுவதை, மறைவாக வளரும் காதலைப் பேசும் களவியல் நன்கு அறியும். ‘உயர்ந்த பாலது ஆணையின்’, அதாவது ஊழின் ஆணையால், கிழவனும் கிழத்தியும் (தலைவனும் தலைவியும்) காண்பர் என்கிறது தொல்காப்பியம். எதிர்ப்படுதலைக் குறிக்கும் ‘தலைப்பாடு’ என்று சொல்லலாமே.

நூலகர்:
ஐயா, இன்றைய வாசகர் தலைப்பாகையைத்தான் நினைப்பார். மேலும், களவியலில் இரண்டாம் சந்திப்பான இடந்தலைப்பாட்டில் தலைவன் முன்பு கண்ட இடத்துக்கே நாடிச் செல்கிறான்; அது தேடல்தான். அதைவிடப் பெரிய இடர், செயலியின் பரிந்துரை நிரலை ஊழ் போல ஆக்கிவிடுவது. அதை வகுப்பவர்கள் நிறுவனத்தார். பாடலோடு செல்லும் விவரத் தரவில் மொழி, பாடலாசிரியர் ஆகிய கட்டங்கள் காலியாக இருந்தால் பிரெஞ்சுப் பாடல் பின்தங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கனடாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், உள்நாட்டுப் படைப்புகளை மக்கள் பார்வைக்குக் கொண்டுவரும் கடமையை இணையச் சேவைகள் மேல் வைக்கிறது. நாள்தோறும் புழங்கும் ‘தென்படு’ இருக்கிறது. ‘தென்படுமை’ என்போம், கடமை பேசும் இடத்தில் ‘தென்படச் செய்தல்’ என்போம்.

இலக்கண ஆசிரியர்:
படு என்பது முதனிலை திரிந்து ‘பாடு’ ஆவதே மரபு. புலப்பாடு, வழிபாடு, கட்டுப்பாடு எல்லாம் அப்படித்தான். ‘தென்பாடு’ அல்லவா சரி?

நூலகர்:
தென்பாண்டி நாட்டுக்கு வழி கேட்பது போல இருக்கிறது, ஐயா. ‘இயலு’வோடு ‘மை’ சேர்த்த ‘இயலுமை’யை ஏற்றவர்கள் இதையும் ஏற்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
குழுவில் ஐவர் ‘தென்படுமை’ என்கிறார்கள். நாள் நெருங்குவதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் 2020 அறிக்கையின் விளக்கத்தையும் சேர்க்கிறேன்.

இலக்கண ஆசிரியர்:
சேருங்கள். ‘இயலுமை’யை நான் ஏற்றதாக மட்டும் யாரும் குறிக்க வேண்டாம், அதுபற்றித் தனி மடல் எழுதுகிறேன்.