ரியோஹா கிரான் ரிசர்வாவைத் திறந்து பரிமாறுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்து ஹாரோ நகரிலிருந்து இரண்டு ரியோஹா சிவப்பு ஒயின் புட்டிகள் வாங்கி வந்தேன்: ஒன்று ரிசர்வா, மற்றது அதைவிட நீண்ட காலம் முதிரவைத்த கிரான் ரிசர்வா. இரண்டுமே டெம்ப்ரனில்லோவுடன் கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகிய திராட்சைகளைக் கலந்து ஓக் பீப்பாயில் முதிரவைத்தவை. அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று படித்துவிட்டு, 30 டிகிரி இருக்கும் எங்கள் கூடத்தில் ரிசர்வாவைத் திறந்தேன். சாராய நெடிதான் மூக்கில் ஏறியது. கடைசிக் கோப்பையில் மணல்போல ஏதோ நாக்கில் நெருடியது. மிச்சமிருக்கும் 2010 கிரான் ரிசர்வாவையும் கெடுத்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில் 1:
அறை வெப்பநிலை என்பது குளிர்நாட்டுப் பழைய கல்வீடுகளை வைத்துச் சொன்ன கணக்கு. இந்த ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி போதும். பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் புட்டியைக் கழுத்துவரை கால் மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்துவிடும். ஃப்ரிட்ஜ் என்றால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பிறகு டெகன்டரில் (ஒயினை ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள்.

பதில் 2:
குளிர்விப்பது பற்றி மேலே நண்பர் சொன்னது சரி. இரண்டு மணி நேரம் காற்றாட விடுவதைத்தான் ஏற்க மாட்டேன். குறைந்த காலமே முதிரவைத்த கிரியான்சா என்ற இளம் ஒயினுக்கு அது பொருந்தும். கிரான் ரிசர்வாவோ 225 லிட்டர் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டுகள் கிடந்து, மொத்தம் 5 ஆண்டுகள் நிறைந்த பிறகே விற்பனைக்கு வருவது. பீப்பாயின் மரத்துளைகள் வழியே மெல்லக் காற்றுப்பட்டு அதன் துவர்ப்பு முன்பே தணிந்திருக்கும். அதற்குமேல் காற்றாட விட்டால் பதனிட்ட தோலும் உலர்பழமும் கலந்த அந்த முதிர்ந்த மணம் பறந்துவிடும். உங்கள் நாக்கில் நெருடியது வண்டல். அதனால் உடலுக்குக் கேடில்லை. முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வையுங்கள். பழைய தக்கை நடுவில் திருகினால் உதிரக்கூடும்; பக்கவாட்டில் இரு தகடுகளைச் செருகி இழுக்கும் திறப்பானே நல்லது. கழுத்துக்குக் கீழே விளக்கொளி படும்படி பிடித்து, ஒரே சீராகச் சாய்த்து டெகன்டரில் ஊற்றுங்கள். கருங்கோடு போல வண்டல் கழுத்தை நெருங்கியதும் நிறுத்திவிடுங்கள். பரிமாறும் வேளையில் இதைச் செய்தால் போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உடன் மிளகாய்க் காரம் தூக்கலான ஆட்டுக்கறி வறுவல் வைக்கலாமா?

பதில் 2:
வேண்டாம், காரத்தோடு சேர்ந்தால் சாராயம் தொண்டையில் எரியும். ரியோஹாவில் திராட்சைக் கொடிச் சுள்ளிகளை எரித்த தணலில், உப்பு மட்டும் தூவிய ஆட்டுக்குட்டி விலாத் துண்டுகளைச் சுட்டுத் தருவார்கள்; அதைப்போல ஒன்று செய்யுங்கள். மறுநாளைக்கென்று மிச்சம் வைக்காதீர்கள், இவ்வளவு பழைய ஒயின் தாங்காது.