மடிக்கணினிக்கும் பழைய ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே எந்த டிஏசி?

கேள்வி: சுருதிப்பெட்டி

நண்பர்களுக்கு வணக்கம். குறுந்தகடுகளிலிருந்து தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளாக எடுத்து வைத்த கச்சேரிகளை, மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்குக் கொடுத்துக் கேட்டு வருகிறேன். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில், தம்புரா மட்டும் ஒலிக்கும்போது, அதற்கும் அடியில் ஓர் உறுமல் கேட்கிறது. சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றித் தரும் தனி டிஏசி வாங்கினால் இது தீருமா? தொலைக்காட்சியையும் அதில் இணைக்க வேண்டும். 12,000 ரூபாயில் டெல்டா-சிக்மா வகை (ஒலியை அதிவேகத் துடிப்புகளாக்கி மாற்றுவது) ஒன்றும் 45,000 ரூபாயில் ஆர்-2ஆர் வகை (மின்தடைகளை ஏணிபோல் அடுக்கி மாற்றுவது) ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். உள்ளே இருக்க வேண்டியது ஏகேஎம் நிறுவனச் சில்லா (சிப்), இஎஸ்எஸ் நிறுவனச் சில்லா என்பதிலும் குழப்பம்.

பதில்: மின்கம்பி

சார்ஜரைக் கழற்றியதும் நிற்கிறதென்றால் அது பெரும்பாலும் எர்த் லூப்தான். மூன்று முனைச் சார்ஜர் ஒரு வழியாகவும், ஆம்ப்ளிஃபயரோ அதனுடன் இணைந்த கேபிள் டிவி ஒயரோ வேறொரு வழியாகவும் எர்த்தைத் தொடும்போது, இடையிலுள்ள ஒலிக் கம்பியின் உறையில் சிறு மின்னோட்டம் பாய்ந்து, 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஸ்பீக்கரில் கேட்கின்றன. யூஎஸ்பி கம்பியிலும் இந்தப் பாதை உண்டு என்பதால், 45,000 ரூபாய்க் கருவியை யூஎஸ்பியில் இணைத்தாலும் உறுமல் தொடரக்கூடும். ஆப்டிகல் கம்பியில் ஒளி மட்டுமே செல்வதால் லூப் அங்கேயே அறுபடும். ஆகவே ஆப்டிகல் உள்ளீடு உள்ள டிஏசியாக வாங்கி, மடிக்கணினிக்கு யூஎஸ்பியை ஆப்டிகலாக மாற்றும் சிறு கருவி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி கம்பியின் நடுவே மின்தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டரும் உதவும்; ஆனால் மலிவானவை நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடுவதால், 480 மெகாபிட்டை எதிர்பார்க்கும் டிஏசிகள் அவற்றில் இயங்காமல் போகலாம். சார்ஜரின் எர்த் முனையை வெட்டிவிடச் சொல்வோரும் உண்டு. உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில், சுருக்கப்படாத ஒலியைத் தரும் 'பிசிஎம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டால்பி டிஜிட்டலாக வரும் ஒலியைச் சாதாரண ஸ்டீரியோ டிஏசியால் பிரிக்க இயலாது.

பதில்: வெள்ளித்தட்டு

சில்லின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1982இல் பிலிப்ஸ் தன் முதல் குறுந்தகட்டுக் கருவியில் 14 பிட் சில்லைத்தான் வைத்தது. நான்கு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் (பதிவின் மாதிரிகளுக்கு இடையே கணக்கிட்ட மாதிரிகளைச் சேர்ப்பது) செய்து 16 பிட்டுக்கு நெருக்கமான தரத்தை அதிலிருந்தே எடுத்தது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்காவில் ஏகேஎம் ஆலை தீப்பற்றி எரிந்தபின், பல நிறுவனங்கள் தங்கள் கருவிகளை வேறு சில்லுக்கு மாற்றி வடிவமைத்தன. அதனால் அவற்றின் இசை கெட்டுவிடவில்லை. சில்லுக்குப் பின்னுள்ள வெளியீட்டுச் சுற்றும் பவர் சப்ளையும்தான் முக்கியம். குறுந்தகட்டின் 16 பிட்டுக்கு ஏறக்குறைய 96 டெசிபல் வீச்சுப் போதும். நன்கு வடிவமைத்த 12,000 ரூபாய்க் கருவி அதைத் தாராளமாகத் தாண்டும். மிச்சப் பணத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள், மாற்றம் அங்கேதான் காதில் விழும்.

பதில்: மெல்லிசை

ஆர்-2ஆர் வகையை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றுள் பலவற்றில் ஓவர்சாம்ப்ளிங் இல்லாமல் கேட்கும் வசதி உண்டு. அப்போது 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே சுமார் 3 டெசிபல் குறைவதால், கூர்மையான பதிவுகள் சற்றுக் கனிந்து ஒலிக்கும். அளந்து காட்டக்கூடிய இந்த வேறுபாட்டை விரும்பிக் கேட்கிறவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், உங்கள் உறுமலுக்கு இது மருந்தன்று.

சுருதிப்பெட்டி

மிக்க நன்றி. சார்ஜர் மூன்று முனைதான். ஆப்டிகல் உள்ளீடுள்ள 12,000 ரூபாய்க் கருவியையே வாங்குகிறேன். அதன் வெளியீடு 2 வோல்ட் என்று போட்டிருக்கிறதே, பழைய ஆம்ப்ளிஃபயர் தாங்குமா?

பதில்: வெள்ளித்தட்டு

'சிடி' என்று குறித்த உள்ளீடு இருந்தால் கவலை வேண்டாம், குறுந்தகட்டுக் கருவிகளின் வழக்கமான அளவே 2 வோல்ட்தான். டியூனர், டேப் உள்ளீடுகள் பெரும்பாலும் 150 முதல் 200 மில்லிவோல்ட்டிலேயே முழு ஒலிக்கு வந்துவிடுபவை. அவற்றில் கொடுத்தால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறும். அப்படி நேர்ந்தால் டிஏசியிலேயே ஒலியளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால், அந்த வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இசைத்தட்டுக் கருவிக்கான ஃபோனோ உள்ளீட்டில் மட்டும் எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள்.