அல்லிராணிக் கோட்டையில் குடிக்கத் தண்ணீர் எங்கே எடுத்தார்கள்?

வெள்ளவத்தை வாசகி:
போன கிழமை மன்னார் போனபோது அரிப்பு என்ற கடலோர ஊரில் ஒரு மாளிகையின் இடிபாட்டைப் பார்த்தேன். ஊரில் அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். உண்மையில் முதல் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகை அது, பழைய கிரேக்கரின் டோரிக் பாணித் தூண்கள் என்பதால் டோரிக் என்றே பெயர். அதெல்லாம் சரி, எனக்கு விளங்காதது தண்ணீர். கடலோ காலடியில், மழை மாரியில் மட்டும். கொழும்புக்கே லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது 1880களில்தானே, அங்கே எதைக் குடித்தார்கள்?

மட்டக்களப்பான்:
தங்கச்சி, எங்கள் ஊரில் கடற்கரை மணலில் பூவல், அதாவது ஆழமில்லாத சிறு கிணறு, தோண்டுவோம். இரண்டு மூன்று முழம் போனாலே நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் உவர்நீரைவிடப் பாரம் குறைவு, அதனால் மணலுக்குள் அதன்மேல் மிதந்துகொண்டு நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆனால் ஆசைப்பட்டு ஆழத் தோண்டினாலும் அளவுக்கு மிஞ்சி அள்ளினாலும் உவர் ஏறிவிடும், பிறகு அந்தக் கிணறு வாய்க்கு உதவாது. அரிப்பிலும் ஆழமில்லாத கிணறுகள்தான் கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை:
ஒரு மாளிகைக்கு அது போதும் அண்ணா. ஆனால் முத்துக்குளிப்பு நடந்தது பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில், மழை ஓய்ந்த பிறகு. கீழக்கரை, தூத்துக்குடிக் குளிகாரர்களும் வியாபாரிகளும் ஆயிரக்கணக்கில் வந்து குவிவார்கள், முத்தெடுக்கப் பக்கத்திலேயே சிப்பிகளை அழுக விடுவார்கள், ஈயும் நாற்றமும். அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் பெரிய வேலை. அருவி ஆறு கிட்டத்தான் கடலில் விழுகிறது, ஆனால் கோடையில் ஆறு வற்றினால் முகத்துவாரத்தில் உவர்தான்.

தெகிவளை மேசன்:
தூண்களைக் கவனித்தீர்களா? கல் இல்லை, செங்கல். மேலே சிப்பி சுட்ட சுண்ணாம்புச் சாந்து, அந்தக் காலத்தில் பளிங்கு போல மின்னியதாம். அதே சுண்ணாம்பில் செங்கல் தூள் கலந்து பூசினால் தண்ணீர் ஒழுகாமல் நிற்கும், பழைய தொட்டிகளுக்கு அதுதான் பூச்சு. போகிறவர்கள் தயவுசெய்து பூச்சைப் பெயர்த்து எடுக்க வேண்டாம். கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது, நாமும் சேர்ந்து அரிக்கக் கூடாது.

வெள்ளவத்தை வாசகி:
எல்லோருக்கும் நன்றி. மாரி முடிந்து தையில் திரும்பப் போகிறேன். இந்த முறை ஊர்க் கிணறுகளில் எது நல்ல தண்ணீர், எது உவர் என்று வீடு வீடாகக் கேட்டு இங்கேயே எழுதுகிறேன்.