குழுக் கடனும் ஆப்ஷன் வர்த்தகமும்: வாக்குத் தவறினால் யார் சுமப்பது?

கேள்வி: அம்பை வாசகி

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அம்மா பீடி சுற்றுகிறார். செவ்வாய்தோறும் காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டுத் திண்ணையில் குழுக் கடன் தவணை வசூலாகும். போன வாரம் ஒருவரிடம் பணம் இல்லை. மற்ற பெண்கள் சுளகை மடியில் வைத்தபடியே ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு நிரப்பிய பிறகுதான் வசூலிக்க வந்தவர் வண்டியை எடுத்தார். அதே நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு, பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் வார ஆப்ஷன் ஒப்பந்தம் முடிந்தபோது, உள்ளறையில் தம்பியின் கைப்பேசியிலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் போயிற்று. அதுவும் தனிநபர் கடனாக வாங்கிய பணம்.

அம்மாவுடையதைக் கடன் என்கிறோம். தம்பியுடையதை முதலீடு என்கிறோம். இரண்டுமே வரப்போகும் நாளை இன்றைக்கே பேசி முடிக்கும் ஒப்பந்தங்கள்தாம். ஒன்றில், தவறினால் யார் சுமப்பார் என்பது முகத்தோடு தெரிகிறது. மற்றதில், எதிரே நிற்பவர் யார் என்றே தெரியவில்லை. டெரிவேட்டிவ் என்பது, அதாவது வேறொன்றின் விலையைச் சார்ந்து மதிப்புப் பெறும் ஒப்பந்தம், வெறும் பணக் கணக்குதானா, அதற்குள் ஓர் அரசியலும் இருக்கிறதா என்பதை விவரம் அறிந்த அண்ணாச்சிமார் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலர், சேரன்மகாதேவி

தங்கைக்கு வணக்கம். முன்பேரம் நமக்குப் புதிதல்ல. பிசானப் பருவ நெல் பால் பிடிக்கும்போதே வியாபாரி முன்பணம் கொடுத்து, கோட்டை என்ற அளவுக்கு இன்ன விலை என்று பேசிவிடுவது உண்டு. அறுப்பின்போது விலை விழுந்தால் அது சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, காப்பு. ஏறினால் வியாபாரிக்கு லாபம். கேட்பதற்கு இது சமமாகத் தோன்றினாலும், அன்றைக்குப் பணமுடை சம்சாரிக்குத்தான் என்பதால் விலையைச் சொல்பவர் பெரும்பாலும் வியாபாரியே. அரசியல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

டெரிவேட்டிவ் பிறந்ததும் இந்தத் தேவையால்தான். சரக்கு வைத்திருப்பவர், விலை விழும் என்ற அச்சத்தை, அதை ஏற்கத் துணிந்த இன்னொருவருக்கு மாற்றிவிடுகிறார். உங்கள் தம்பிக்கோ காத்துக்கொள்ள வேண்டிய சரக்கு எதுவும் இல்லை. ஏறும், இறங்கும் என்று சொல்லிப் பணம் கட்டுகிறார். எதிரே யார் என்று கேட்டீர்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற டெரிவேட்டிவ் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கடைசி ஆண்டில் லாபம் கண்டவை சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் தரகு நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும். அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கணினி நிரல்கள் நடத்தும் வர்த்தகத்தில் வந்தது. உள்ளறைக் கைப்பேசிக்கு எதிரே இருப்பவை அந்தக் கணினிகள்.

பதில்: கல்வெட்டு ஆர்வலர், பாளையங்கோட்டை

செயலர் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தமிழில் ‘கடன்’ என்பது பணத்தை மட்டும் குறிக்கும் சொல் அல்ல. ஆடி அமாவாசையன்று பாபநாசத்தில் தாமிரபரணியில் இறங்கி எள்ளும் நீரும் இறைப்பதும் கடன்தான். அது தீர்ந்துபோவதில்லை, உறவைப் பிடித்து வைத்திருக்கிறது. திருச்செந்தூரில் உள்ள வரகுண பாண்டியன் காலக் கல்வெட்டில், 1400 பழங்காசு பல ஊர்ச் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டு, முதல் கெடாமல் அதன் பொலியாக, அதாவது வட்டியாக, கோயிலுக்கு நெல் அளக்க அவை கடமைப்பட்ட செய்தி இருக்கிறது. அங்கே கடன்பட்டது தனியாள் அல்ல, ஊர். (அந்தச் சபைகளில் உழைப்பவர் எல்லாருக்கும் இடம் இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இன்றைய வேறுபாடு, வாக்குத் தவறிய பிறகே துலங்குகிறது. பிறர் கடன் திரும்பாவிட்டால் தான் தருவதாக, ‘கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப்’ என்ற பெயரில் வாக்களித்திருந்த அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஏஐஜி 2008-ல் தடுமாறியபோது, அமெரிக்க அரசும் அதன் மைய வங்கியும் ஒதுக்கிய உதவி ஏறத்தாழ 18,200 கோடி டாலரை எட்டியது. அந்த வாக்குகளை வாங்கியிருந்த பெருவங்கிகள் முழுத்தொகையையும் பெற்றன. இங்கே கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில், கந்துவட்டி நெருக்கடியால், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே இரண்டு குழந்தைகளோடு தீயில் மாண்டது. எவர் தவறினால் அது நாட்டின் பிரச்சினையாகிறது, எவர் தவறினால் அது அவரவர் அவமானமாக விடப்படுகிறது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

பதில்: குழுத் தலைவி, முக்கூடல்

குழுவை வெறும் கண்ணியாகப் பேச வேண்டாம். நகையும் பத்திரமும் இல்லாத எங்களுக்கு முன்பு வாசலில் கிடைத்தது நாளுக்கு நாள் ஏறும் மீட்டர் வட்டிக் கடன் மட்டுமே. என் மகள் நர்சிங் படித்தது குழுக் கடனில்தான். ஆனால் நாங்கள் ஒருவருக்கொருவர் நிற்பதால் திரும்பும் இத்தகைய கடன்களைத் தொகுத்து, முதலீட்டுப் பத்திரங்களாக்கி, முதலீட்டாளர்களுக்கு விற்கும் வழக்கம் இருப்பதை அண்மையில்தான் அறிந்தேன். மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-ல் கொண்டுவந்துள்ளது. உங்கள் திண்ணையில் நடந்தது அதில் வருமா என்று வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்.

அம்பை வாசகி

அண்ணாச்சிமாருக்கும் அக்காவுக்கும் நன்றி. செபியின் கணக்கைத் தம்பியிடம் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவன், மொத்தக் கடன் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று முதல்முறையாகச் சொன்னான். அம்மா இலை வெட்டுவதை நிறுத்தவில்லை. வருகிற செவ்வாய் அவனையும் திண்ணைக்கு அழைத்துப் போகிறேன். எங்கள் குழுவின் கடன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கப் போகிறோம்.