பெரியப்பாவின் பழைய பத்திகள்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. என் பெரியப்பா ஒரு நாளிதழில் முப்பது வருடம் கோவில்பட்டியைப் பற்றி வாரப் பத்தி எழுதியவர். கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வருவதற்கு ரொம்ப முன்பே, பாகுப் பதத்தைப் பற்றி மட்டும் ஒரு வாரம் எழுதினார்! திண்ணையில் தீப்பெட்டி ஒட்டும் பெண்களின் விரல் நுனியில் காய்ந்திருக்கும் பசையைப் பற்றி இன்னொரு வாரம்.

அந்தப் பத்திகளின் நறுக்குகளை மைதாப் பசையால் நோட்டில் ஒட்டியதுதான் வம்பு. பாதியைப் பூச்சி அரித்துவிட்டது. மிச்சத்தைக் கிழியாமல் பிரிக்க வழி உண்டா?

அப்புறம், 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை நாங்கள் நெல்லை மாவட்டம். ரோஜா முத்தையா நூலகத்திலோ கன்னிமாராவிலோ அந்த நாளிதழின் பழைய நெல்லைப் பதிப்புகளைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பெரியப்பா தினமும் கேட்கிறார்.